இன்னையோட உட்டாச்சு

ஜூலை 8, திங்கள்

பெயிண்ட் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து இதுவரைக்கும் ஜாக்கெட் அளவுகளைத்தான் எழுதியிருக்கிறேன். கை உயரம், முதுகு இறக்கம், இடுப்புச் சுற்று. சங்ககிரியில் எங்கள் தெருப் பெண்களில் யார் எவ்வளவு பெருத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் இந்த டைரியைத் திருடினால் போதும். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு என் வயிற்றெரிச்சலை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு டேப் எட்டாது.

பொழுது சாய அவர் வீட்டுக்கு வந்தார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை.

“இன்னொரு செருப்பு எங்கீங்க?” என்றேன்.

குனிந்து பார்த்தார். அப்போதுதான் பார்க்கிறார். “அட, இது எப்பக் கழண்டுச்சு?”

லாரிப் பட்டறையிலிருந்து வீடு வரைக்கும் ஜல்லி போட்ட ரோடு. பாதம் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டால், “என்னத்த வலிக்குது, பஞ்சு மேல நடக்கற மாதிரித்தான் இருக்குது” என்கிறார். போதை அந்த லட்சணத்தில் இருக்கிறது. மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டேன். அத்தை பாவாயி, “என்ற மவன் ராசா மாதிரி பஞ்சு மேலயே நடக்கறான் பாரு” என்றார். நானும் சிரித்துவிட்டேன். மகள் கனிஷ்கா மட்டும் சிரிக்கவில்லை, பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏழாவது படிக்கிறவளுக்கு அவ்வளவு கோபம்.

கொக்கி தைக்க வேண்டிய ஜாக்கெட் நான்கு பாக்கி.

ஜூலை 13, சனி

சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார் என்று பட்டறைக்கு நானே கொண்டு போனேன். புதிதாகக் கட்டிய லாரி ஒன்று நின்றது. ராஜஸ்தான் வண்டி என்றார்கள். அவருக்கு அங்கே என்ன வேலை என்றால், வண்டி பூராவும் பெயிண்ட் அடித்து முடிந்த பிறகு பக்கவாட்டில் பார்டர் கோடு இழுப்பது. ஸ்கேல் கிடையாது, டேப் ஒட்டுவதும் கிடையாது. வெறும் கை, ஒரு மெல்லிய பிரஷ். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே இழுப்பு.

நான் போனபோது அவர் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை ஆடியது. கொஞ்சநஞ்ச ஆட்டம் இல்லை, பிரஷ்ஷிலிருந்து மஞ்சள் பெயிண்ட் அவர் சட்டையிலேயே தெறித்தது. கூட வேலை செய்கிற குப்புராஜ் டீ கிளாஸில் எதையோ கொண்டுவந்து கொடுத்தான். டீ இல்லை என்று எனக்குத் தெரியாதா? அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எழுந்தார். கை ஆட்டம் நின்றுவிட்டது.

அப்புறம் கோடு போட்டார். வண்டி நீளத்துக்கு, நூல் பிடித்தது போல. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நானும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்தக் கையைப் பார்த்துத்தானே எங்கள் அப்பா பொண்ணு கொடுத்தார். என்மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

“காலைல ஒண்ணு போட்டாத்தாங்கா அண்ணனுக்குக் கோடு வரும்” என்றான் குப்புராஜ். மருந்து மாதிரி சொல்கிறான்.

ஜூலை 19, வெள்ளி

சோறு இறங்கவில்லை. பிசைந்த சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்கிறார். காலையில் பல் விளக்கப் போனால் வெறும் ஓங்கரிப்பு.

நேற்று கனிஷ்கா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வரச்சொல்லி அவள் கெஞ்சினாள். அவர் போகவில்லை. சாயங்காலம் அவள் கேட்டால், போனேனே என்கிறார். “டீச்சரம்மா நீலச் சேல கட்டியிருந்துது. உம் பேரச் சொல்லி, கணக்குல கெட்டின்னு சொல்லுச்சு. நாந்தான் கடைசி பெஞ்சுல குந்தியிருந்தனே.” ஒரு வார்த்தை தடுக்காமல் சொல்கிறார். கனிஷ்காவின் டீச்சர் ஒரு ஆம்பளை.

பொய் சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும். அவருக்கு முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்று காலையில் கால்களை அகட்டி அகட்டி நடக்கிறார், பரிசலில் நிற்கிறவர் மாதிரி. வாயை மோந்து பார்த்தேன். வாசமே இல்லை. எங்கேயோ ஒளித்து வைத்துக் குடித்துவிட்டு ஏலக்காய் மென்றிருப்பார். பாத்ரூம் ஓட்டுக்கு அடியில் தேடினேன், அரிசி டின்னில் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கெட்டிக்காரர்.

ஜூலை 27, சனி

கனிஷ்கா இன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். “எங்க கிளாஸ்ல உங்கப்பா ரோட்ல விழுந்து கெடந்தாருன்னு சொல்றாங்கப்பா.” அவ்வளவுதான் சொன்னாள். அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பிறகு, “சுகுணா, கயிறு கட்டிக்கறேன்” என்றார்.

நான் கேட்காமல் அவராகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கரட்டு முனியப்பன் கோயிலில் குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். பூசாரி, “எத்தன நாளைக்கு?” என்று கேட்பார். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம், ஆறு மாதம் என்றால் ஆறு. கெடு முடிந்தால் அதே கோயிலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போகிற மகாராசன்களும் உண்டு. ஆனால் கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்கிச் சாவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் எந்தக் குடிகாரனும் கயிற்றோடு விளையாடுவதில்லை. போலீஸுக்கு இல்லாத பயம் அந்தக் கயிற்றுக்கு இருக்கிறது.

அந்த முனியப்பனுக்குப் படையலே சாராயமும் சுருட்டும்தான். “குடிக்கற சாமிகிட்டயே போயி குடிக்க மாட்டேன்னு சொல்றதா?” என்று அவரைச் சீண்டினேன். சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

ஆடி அமாவாசைக்குப் போவதென்று முடிவு.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தெருவே ஆற்றுக்குப் போயிருக்கிறது. அவர் “கடைசின்னு” குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. போகட்டும், கடைசி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

சந்தோஷத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

கோயிலில் நல்ல கூட்டம். எல்லாம் பெண்டாட்டிகளும் அம்மாக்களும் இழுத்து வந்த கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருத்தன் தீபாவளி வரைக்கும் என்று சொல்லிவிட்டு, தீபாவளியன்று காலையிலா சாயங்காலமா என்று பூசாரியிடம் விளக்கம் கேட்டான்.

எங்கள் முறை வந்தது. அவர் கனிஷ்காவைப் பக்கத்தில் இழுத்து அவள் தலையில் கையை வைத்தார். கை ஆடியதில் அவள் தலையும் சேர்ந்து ஆடியது.

“எத்தன நாளைக்கு?”

“ஆயுசுக்கும்” என்றார்.

பூசாரியே திகைத்துப் போனார். “ரோசன பண்ணிச் சொல்லு சாமி. ஒரு வருசம்னு வெச்சுக்க. அப்புறமேட்டுக்கு வந்து நீட்டிக்கலாம்.”

“இல்லீங், ஆயுசுக்கும். இன்னையோட உட்டாச்சு.”

வலது மணிக்கட்டில் கறுப்பும் சிவப்பும் முறுக்கிய கயிறு. எட்டு நாளைக்குப் பாலும் பழமும்தான், சோறு கூடாது, வேறு எதுவும் வாயில் படக்கூடாது என்று பூசாரி சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கனிஷ்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் ஆடாமல் உட்கார்ந்து வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேர்த்துக் கொட்டுகிறது. போர்வை, தலையணை, பாய் எல்லாம் நனைந்துவிட்டன. மூன்று பனியன் மாற்றியாயிற்று. கை மட்டுமில்லை, நாக்கும் ஆடுகிறது. பாலைக் கொடுத்தால் டம்ளர் பல்லில் தட்டுகிறது.

“சாமி உள்ள எறங்கி வேல செய்யுது. இத்தன வருசத்து வெசம் வெளிய போவண்டாமா?” என்கிறார் அத்தை. வேப்பிலையை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்.

மதியம் குப்புராஜ் வந்தான். என்னை வாசலுக்குக் கூப்பிட்டுக் காதோடு சொன்னான். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மூடியாச்சும் ஊத்திக் குடுங்க. இல்லாட்டிப் போவுது, ஆஸ்பத்திரிக்காச்சும் கூட்டிட்டுப் போங்க. எங்க மாமனும் இப்படித்தான் சட்டுனு நிறுத்துனாரு.”

“நிறுத்தி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினான். டீ கிளாஸில் ஊற்றிக் கொடுத்த மகராசன் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான். இந்த வாசப்படி ஏறாதே என்று கதவைச் சாத்தினேன். ஒரு மனுஷன் திருந்தினால் பொறுக்காது இவர்களுக்கு.

அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கடைக்குப் போகட்டுமா என்று. என் முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டு, “சித்த இங்கயே இரு சுகுணா” என்றார். இருந்தேன். எதிர்வீட்டுச் சரோஜாக்காவின் ஜாக்கெட்டுக்கு அப்படியே உட்கார்ந்து கை தைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.

காலையில் சுவரைப் பார்த்து, “எறும்பு, எறும்பு” என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, காற்றில் கோடு இழுக்க ஆரம்பித்தார். இடதிலிருந்து வலதுக்கு, ஒரே இழுப்பு. கண் எங்கேயோ இருந்தது. அது நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் துடித்தது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அத்தை கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். “முனியப்பன் வந்துட்டாரு! என்ற மவன்மேல முனியப்பன் எறங்கிட்டாரு!”

அந்தச் சத்தத்தில் தெரு கூடிவிட்டது. இங்கே யாருக்காவது உடம்பு ஆடினால் முதலில் சாமியா என்றுதான் கேட்பார்கள். சரோஜாக்கா ஈரத் தலையோடு ஓடிவந்து அவர் முன்னால் விழுந்தார். “சாமி, என்ற பையனுக்குப் பொண்ணு எந்தத் தெசையிலிருந்து வரும்?”

அவர் கையை நீட்டி, “வண்டி வருது, வண்டி வருது, ஒதுங்குங்க!” என்று கத்தினார்.

“வடக்கதான காட்டறாரு? வண்டி வருதாம். வடக்க இருந்துதான் சம்மந்தம்” என்று யாரோ அர்த்தம் சொன்னார்கள். சரோஜாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருத்தி, கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. அவர் நெற்றியில் திருநீறு, கழுத்தில் எலுமிச்சை மாலை. வேர்வையில் திருநீறு கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை. சாமியை யார் துடைப்பது?

நான் என்ன செய்தேன்? நானும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆயுசுக்கும் என்று சொன்னவரைச் சாமி சோதிக்கிறது என்றுதான் நினைத்தேன். கனிஷ்கா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். “அம்மா, அது சாமி இல்லம்மா. அப்பா பயப்படறாரும்மா. மூஞ்சியப் பாரும்மா.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் உடம்பு ஒரு முறுக்கு முறுக்கியது. வில்லாக வளைந்து கீழே விழுந்தார். வாயில் நுரை, நுரையில் ரத்தம். யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருத்தி, “கயித்தோட குடிச்சுட்டாரா?” என்றாள்.

ஆட்டோவுக்கு ஓடினேன். செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பெரியாஸ்பத்திரி. நினைவு வரவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

கட்டிலோடு சேர்த்துக் கை கால்களைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஊசியைப் பிடுங்குகிறார். இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது கை வீங்கி, கயிறு சதைக்குள் புதைந்துவிட்டது. நர்ஸம்மா கத்திரிக்கோலை எடுத்தார்.

அத்தை அந்தம்மாவின் காலில் விழுந்துவிட்டார். “அத அறுத்தீங்கன்னா எம் மவன் செத்துருவானுங்க. ஆயுசுக்கும் கட்டுன கயிறுங்க.”

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார்.

“வெட்டுங்க” என்றேன்.

நாளெல்லாம் துணி வெட்டுகிறவள்தான். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே.

அறுந்த கயிற்றை ஜாக்கெட்டுக்குள் இருக்கிற பர்ஸில் வைத்திருக்கிறேன். அத்தை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சின்ன வயசுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“தெனமும் குடிச்சுப் பழகின மூளை, சாராயம் தன்னை அமுக்கும்னு எதிர்பார்த்து அதுக்கு மேல முறுக்கிக்கிட்டே இருக்கும்மா. பிரேக்க மிதிச்சபடியே ஆக்ஸிலேட்டரையும் அழுத்தி ஓட்டற வண்டின்னு வெச்சுக்குங்க. பிரேக்க மட்டும் சடார்னு எடுத்துட்டீங்க. அதான் நடுக்கம், வேர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, வலிப்பு எல்லாம். குடிய விடறது நல்லதுதான். இவ்வளவு குடிக்கறவங்க ஆஸ்பத்திரில வெச்சு, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்.”

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குப்புராஜ் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

பிறகு டாக்டரம்மா சில கேள்விகள் கேட்டார்.

“செருப்பு கழண்டா தெரியாம நடந்தாரா?”

எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவர் மாதிரிக் கேட்கிறார்.

“கால அகட்டி நடந்தாரா, குடிக்காதப்பவும்? சாப்பாடு எறங்காம இருந்துச்சா? நடக்காத ஒண்ண நடந்ததா சொன்னாரா, பொய் மாதிரியே தெரியாம?”

ஆமாம், ஆமாம், ஆமாம். நீலச் சேலை டீச்சர். அது பொய்யே இல்லையாம். மூளையில் ஓட்டை விழுந்த இடத்தை அதுவே எதையாவது போட்டு ஒட்டிக்கொள்ளுமாம். குடிக்கிறவர்கள் உடம்பில் பி-ஒன் என்கிற சத்து நிற்காது, சோறும் உள்ளே போகாது, அந்தச் சத்து இல்லாமல் மூளை பட்டினி கிடக்கும் என்றார். அதோடு இந்த விரதம் வேறு.

“எத்தன நாளா இப்படி இருந்துச்சும்மா?”

தெரியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஜாக்கெட் அளவுக்கு நடுவில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கண்ணைத் திறந்து, “சுகுணா” என்றார். தெளிவாக. கட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். இட்லியை ஊட்டினேன், சாப்பிட்டார். கை ஆடவே இல்லை. நீட்டிப் பார்க்கச் சொன்னேன். கல் மாதிரி நின்றது.

வார்டில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். நர்ஸம்மா, பேஷண்டுக்குக் குடுக்கறதக் குரங்குக்குக் குடுக்கற மாதிரி குடுக்காதீங்க என்று சத்தம் போட்டார். போடட்டும்.

சாயங்காலம் அவர் கேட்டார். “எத்தன மணிக்குக் கெளம்பறோம்?”

“எங்கீங்க?”

“கோயலுக்குத்தான். கயிறு கட்டோணுமில்ல?”

ஊசி மருந்தின் மயக்கம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 24, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. சட்டை வெள்ளையாக இருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது, எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். “பாத்தீங்களா, சாமி அவனப் போட்டுப் பொரட்டி எடுத்துச் சுத்தம் பண்ணிருச்சு” என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கயிற்றை அறுத்ததைச் சொல்வதில்லை.

கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறார். நான் என்ன வரமெல்லாம் கேட்டேனோ அத்தனையும் கிடைத்துவிட்டது.

ஆனால் சரோஜாக்கா உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அந்தக்கா வாசல் தாண்டியதும் அவர், “சரோஜாக்கா வந்து ரொம்ப நாளாச்சே, சொகமா?” என்று என்னைக் கேட்டார்.

ராஜஸ்தான் வண்டிக்கு இன்றைக்கு பார்டர் போட வேண்டும் என்கிறார். அந்த வண்டி போய் ஒரு மாதமாகிவிட்டது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். ஆறு சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து, “ஏஞ் சுகுணா, இந்த வருசம் கொழுக்கட்ட சுடலியா?” என்றார்.

கனிஷ்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இன்னும் இரண்டு வைத்தேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 12, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரை, ஊசி, சோறு மூன்றும் தவறக் கூடாது; குடி கூடவே கூடாது. சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புமாம். சிலருக்குத் திரும்பாதாம். இவருக்கு என்று கேட்டேன். பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

போன வருஷத்தைக் கேட்டால் சொல்கிறார். எங்கள் கல்யாணத்தில் யார் யாருக்குச் சட்னி பத்தவில்லை என்பது வரைக்கும் சொல்கிறார். காலையில் நடந்ததைக் கேட்டால் இல்லை. “ஈரச் சுவத்துல பெயிண்ட் நிக்காதுங்கம்மா, அந்த மாதிரியா?” என்று கேட்டேன். டாக்டரம்மா தலையாட்டினார்.

செப்டம்பர் 20, வெள்ளி

பின் தெருவிலிருந்து கோகிலவாணி என்ற சின்னப் பெண் வந்தாள். கைக்குழந்தை இருக்கிறது. புருஷன் தறிப் பட்டறையில் வேலை, காலையிலேயே குடிக்கிறானாம், குடிக்காவிட்டால் கை ஆடுகிறதாம். புரட்டாசி அமாவாசைக்குக் கயிறு கட்டக் கூட்டிப் போகிறாளாம். எந்தப் பூசாரி கட்டினார், எவ்வளவு நேரத்துக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று கேட்க வந்திருக்கிறாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, வலிப்பு, கத்திரிக்கோல், எல்லாம். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அங்கே படுக்க வைத்து நிறுத்தட்டும், அதற்குப் பிறகு எத்தனை கயிறு வேண்டுமானாலும் கட்டு என்றேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவர் துவைத்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, அமைதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது போன வாரப் பேப்பர். தினமும் அதையேதான் படிக்கிறார்.

“உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் நல்லாயிட்டாப் போதுமாங்கக்கா?” என்றாள் கோகிலவாணி. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “எங்களுக்கும் சாமி கண்ணு தொறக்கட்டும்ங்க.”

பின்னாலேயே ஓடினேன். டாக்டரம்மா பேரைச் சொன்னேன். நானே கூட வருகிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் நடை வேகமாகியது. தெரு முனையில் எங்கள் அத்தையிடம் நின்று கேட்டாள். அத்தை கோயில் இருக்கிற பக்கம் கையைக் காட்டி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கொஞ்ச நாளாகத் தூங்கி எழுந்ததும் மணிக்கட்டைத் தடவிப் பார்க்கிறார். கயிறு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. “கயிறு எங்க? கட்டுனமாதிரி இருக்குதே. நான் குடிச்சுட்டனா சுகுணா?” என்று அழுகிறார். ஐம்பது அறுபது கிலோ மனுஷன், குழந்தை மாதிரி. இல்லீங்க, இல்லீங்க என்கிறேன். அழுகை அடங்குகிறது. காப்பி குடித்துவிட்டு மறுபடி தடவிப் பார்க்கிறார்.

இன்று என் பர்ஸிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தேன். அறுந்த இடத்தில் ஜாக்கெட்டுக்குத் தைக்கிற கொக்கி ஒன்றை வைத்துத் தைத்தேன். மாட்டலாம், கழற்றலாம். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கும்போது விளக்கை எனக்குக் கிட்டே நகர்த்தி வைத்தார்.

அக்டோபர் 4, வெள்ளி

கோகிலவாணியின் புருஷனை நேற்றுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். சாமி வந்திருக்கிறது என்று ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்களாம். உயிர் இருக்கிறதா என்று இன்னும் தகவல் இல்லை. நான் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 5, சனி

போய்விட்டு வந்தேன். எழுதவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் எங்கள் வீட்டில் நடப்பதை எழுதி வைக்கிறேன்.

அவர் எழுந்ததும் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நிற்கிறார். முகத்தில் ஒரு தெளிச்சல். ஏதோ பெரிய முடிவு எடுத்தவர் மாதிரி. “சுகுணா, ராத்திரி பூரா ரோசன பண்ணினேன். கயிறு கட்டிக்கறேன். புள்ள எங்கூட உக்காந்து சாப்புட மாட்டீங்குது.”

நான் சாமி படத்துக்குக் கீழேயிருந்து கயிற்றை எடுக்கிறேன். பூசாரி வேஷம் எனக்குத்தான். “எத்தன நாளைக்கு?” என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவருக்குத் திருப்தி இல்லை.

“ஆயுசுக்கும். இன்னையோட உட்டாச்சு.”

கொக்கியை மாட்டுகிறேன். அவர் கனிஷ்காவைக் கூப்பிடுகிறார். அவள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்து நிற்கிறாள். சடையில் வைத்த பூ நசுங்காமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கொடுக்கிறாள். அவர் தலையில் கையை வைக்கிறார். கை ஆடுவதில்லை. “இனி அப்பா குடிக்க மாட்டேன் கண்ணு. சத்தியம்” என்கிறார். ஒவ்வொரு நாளும் அவர் குரல் உடைகிறது. ஒவ்வொரு நாளும் அவருக்கு இது முதல் தடவை.

முதல் வாரத்தில் கனிஷ்கா அழுதாள். அப்புறம் அழவில்லை.

இன்றைக்கு அவர் கொஞ்சம் நேரமெடுத்துக்கொண்டார். தலையில் வைத்த கையை எடுக்காமல், நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். கனிஷ்கா குனிந்தபடியே வாசல் பக்கம் பார்த்தாள்.

“சீக்கிரம்ப்பா,” என்றாள். “பஸ் வந்துரும்.”